பெரியம்மா பையில் ஒரு முன்கட்டை

என் பெரியம்மாவுக்கு எதைக் கண்டும் குமட்டாது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வந்து கொட்டப்படும் விரிப்புகளைப் பிரித்துப் போடும் மேசைதான் அவள் இடம். ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் அந்த மேசைக்கு வந்துதான் போகும். கல்லூரி நாட்களில் ஒருமுறை அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கப் போன நான் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டேன். அவள் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கைகழுவி, வெளிப்படியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

"நோயாளித் துணிதானே பாப்பா. பாவம், வேணும்னா பண்ணான்?" என்றாள்.

அவள் வாந்தி எடுத்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது ஆஸ்பத்திரியில் இல்லை. துப்பாக்கிச் சட்டம் பற்றிக் கருத்துக் கேட்கிறோம் என்று நகராட்சி மண்டபத்தில் கூட்டம் போட்டார்களே, அன்றைக்கு, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குழாயடியில்.

பெரியப்பா வங்கிக் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் சொந்தத் துப்பாக்கியும் அதற்கு லைசென்சும் இருப்பவனுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியால் அவர் யாரையும் சுட்டதில்லை. வங்கி வாசலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார், குழந்தைகள் பயந்தால் சிரித்தார், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகும் துப்பாக்கி பீரோவின் மேல் கான்வாஸ் உறைக்குள் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை இறக்கி, மூன்று பாகமாகப் பிரித்து, எண்ணெய் போட்டுத் துடைப்பார். பின்கட்டை, குழல், முன்கட்டை. முன்கட்டை என்பது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்துண்டு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அது இல்லாவிட்டால் குழல் பிடித்து நிற்காது. மடக்கினால் கழன்று விழுந்துவிடும்.

அவர்களுடைய ஒரே மகனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தான். கம்பெனி கைமாறியபோது வேலை போனது. அதோடு அவன் பேச்சும் போனது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், முடிந்ததும் அறைக்குப் போவான். நாள் முழுக்க டி.வி. ஓடும், அவன் அதைப் பார்க்கிறானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் சலவைக்கூடத்தில் தண்ணீர் வரவில்லை என்று பெரியம்மா சீக்கிரம் வீடு திரும்பினாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி அவன் மடியில் இருந்தது.

"சும்மாதாம்மா. தூசி தட்டினேன்."

தூசி தட்டும் துணி எதுவும் அவன் கையில் இல்லை.

அன்று மாலை அவள் புருஷனிடம் சொன்னாள். பெரியப்பா செய்தித்தாளைக்கூட மடிக்கவில்லை. "அவனா? அவனுக்கு அதுக்கெல்லாம் தைரியம் ஏது?" என்றார். இதை அவள் என்னிடம் சொல்லும்போது அழவில்லை. அழுக்குத் துணியைப் பிடிப்பதுபோல அந்த வாக்கியத்தை இரண்டு விரலால் தூக்கி என் முன்னால் வைத்தாள். அண்ணனை டாக்டரிடம் அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் ஆயுதம் ஏதாவது இருந்தால் அப்புறப்படுத்தச் சொன்னார் டாக்டர்.

அப்புறப்படுத்தத்தான் அவள் காவல் நிலையத்துக்குப் போனாள். வேலைக்குப் போகும் வழியில், சாப்பாட்டுப் பையோடு.

"லைசென்ஸ் யார் பேர்லம்மா?"

"வீட்டுக்காரர் பேர்ல."

"அப்ப அவர்தான் வரணும்."

"அவர் வரமாட்டார் சார்."

"அப்ப அது அவர் உரிமை. நாங்க எப்படி வாங்குறது? நாளைக்கு அவர் வந்து என் துப்பாக்கி எங்கேன்னு கேட்டா, நீங்களா பதில் சொல்வீங்க?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தாராம். "புருஷன்கூடச் சண்டைன்னா பாத்திரத்தை விட்டெறிங்கம்மா, எங்களை ஏன் இழுக்குறீங்க?"

அதற்குப் பிறகுதான் முன்கட்டை. அவள் வீட்டில் இருக்கும் நாள் ஞாயிறு மட்டும். மற்ற நாட்களில் பெரியப்பா டீக்கடைக்கும் நூலகத்துக்கும் போய்விடுவார். வீட்டில் அண்ணன் தனியாக இருப்பான். அதனால் திங்கள் காலையில் உறைக்குள் கையை விட்டு முன்கட்டையைக் கழற்றி எடுப்பாள். ஒரு பழைய தலையணை உறையில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து வேலைக்குக் கொண்டுபோவாள், கொண்டுவருவாள். சனி இரவு திரும்பவும் அது துப்பாக்கிக்குப் போய்விடும். ஞாயிறு காலையில் பெரியப்பா அதற்கு எண்ணெய் போடுவார். இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பெண்டாட்டி பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆள் இல்லை அவர்.

இந்தச் சமயத்தில்தான் சட்ட மசோதா வந்தது. தக்க காரணம் இல்லாதவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். வைத்திருப்பவர்கள் பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். ஊர் இரண்டாகப் பிரிந்தது. துப்பாக்கி உரிமையாளர் சங்கம் ஒரு பக்கம். அதன் தலைவர் மர அறுப்பு ஆலை முதலாளி. எல்லாரும் அவரை ஆலைக்காரர் என்பார்கள். வேட்டைக்கென்று தொலைநோக்கி வைத்த துப்பாக்கிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்திருப்பவர். இன்னொரு பக்கம் ஆயுத ஒழிப்பு இயக்கம். அதன் அமைப்பாளர் எப்போதும் சட்டையில் ஒரு வெள்ளை பேட்ஜ் குத்தியிருப்பார். நான் அவரை பேட்ஜ் அக்கா என்றுதான் மனதுக்குள் கூப்பிட்டேன்.

எனக்கு இது புதிய விஷயம் இல்லை. கல்லூரியில் இதே தலைப்பில் பேச்சுப்போட்டி நடந்தது. காலையில் கட்டுப்பாடு வேண்டும் என்று பேசினேன். மாலையில், எதிரணிக்கு ஆள் குறைகிறது என்றதும், வேண்டாம் என்று பேசினேன். இரண்டுக்கும் கைதட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தக் கோப்பையை என் அப்பா இன்னும் டி.வி.க்கு மேல் வைத்திருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் உண்மையில் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே சங்கடமாக இருக்கும்.

ஆலைக்காரர் பெரியப்பாவைக் கண்டுபிடித்தது அப்போதுதான். தொலைநோக்கித் துப்பாக்கி வைத்திருக்கும் பணக்காரனைப் பார்த்து எந்த ஊர் இரக்கப்படும்? ஆயுள் முழுக்க வங்கி வாசலில் வெயிலில் நின்ற கிழவன் வேண்டியிருந்தது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச அவருக்கு ஒரு தாள் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார் பெரியப்பா.

"இது என்ன, 'தற்காப்பு என்பது உயிரியல்பு சார்ந்த...' வாய்ல நுழையமாட்டேங்குதே, பட்டதாரி?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் பேசுங்க பெரியப்பா."

"எனக்குத் தோணுறதைக் கேக்கவா மேடை போடுறாங்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரிட்டயர் ஆனப்புறம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆளு அவர்தான்" என்றார். அதில் அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு ஆலைக்காரர்மேல் இன்னும் அருவருப்பு வந்தது.

கூட்டம் சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் சலவைக்கூடத்தில் அது நடந்தது.

அங்கே இரண்டு பழக்கம் உண்டு. சாதாரண வார்டுத் துணியை உதறாமல் மெஷினில் போடக் கூடாது. மடிப்புக்குள் ஸ்பூன் இருக்கும், பல்செட் இருக்கும், மூக்குக்கண்ணாடி இருக்கும். ஆனால் தொற்று வார்டுத் துணி முடிச்சுப் போட்டு வரும். முடிச்சைக் கண்டால் அவிழ்க்கவே கூடாது. அப்படியே கொதிநீர் மெஷினுக்குள் போட வேண்டும். நாள் முழுக்க முடிச்சுகளோடே பழகிய கை பெரியம்மாவுக்கு. அன்று காலை தலையணை உறையின் வாயைச் சும்மா மடித்து வைக்காமல் இறுக்கி முடிந்துவிட்டாள். பையிலிருந்து டப்பாவை எடுக்கும்போது மூட்டையை மேசை ஓரத்தில் வைத்தாள். கூட வேலை பார்க்கும் விசிலக்கா, எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்பவர், முடிச்சைப் பார்த்தார். விதிப்படி தூக்கிக் கொதிநீர் மெஷினில் போட்டார்.

மெஷின் கடகடவென்று அடித்துக்கொண்டது. நிறுத்தித் தண்ணீர் வடித்துத் திறக்கும்போது பெரியம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். மரம் ஊறி உப்பி, நீளவாட்டில் பிளந்திருந்தது. உள்ளே இருந்த இரும்புக் கொக்கி கழன்று தனியாக வந்தது.

"என்னக்கா இது? கட்டைக்கும் காய்ச்சலா?" என்றார் விசிலக்கா.

பெரியம்மா சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று அவளுக்கே பயமாக இருந்ததாம். மனதுக்குள் ஏதோ ஒன்று, நல்லதாப் போச்சு என்றது. இன்னொன்று, நாளைக்கு மேடை என்றது.

வீட்டில் அவள் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரே நாளில் புதுக் கட்டை போட்டுவிடுவார், பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், அந்தச் சாவி எப்போதும்போல் சட்டையோடு ஆணியில் தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"அங்க போய் அதைப் பிரிக்காதீங்க."

"ஏன்?"

"வேணாம்னு சொல்றேன்."

"உனக்கு எதுதான் வேணும்?" என்று கேட்டுவிட்டு உறையைத் தோளில் மாட்டிக்கொண்டார். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் வரவில்லை என்றான். பெரியம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனாள். பையில் உடைந்த கட்டை இருந்தது.

மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. அதிகாரிகள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் சேனல் நேரடியாக ஒளிபரப்பியது. ஆரம்பத்தில் பேசியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு வெளியே தோட்டத்தில் தனியாக இருக்கும் ஒரு விதவை, போலீசுக்கு போன் செய்தால் அவர்கள் வந்து சேர்வதற்குள் திருடன் தூங்கி எழுந்து போய்விடுவான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஒரு தச்சர், ஏதோ கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்ட குண்டு தன் மகள்மேல் இறங்கிய கதையைச் சொன்னார். இரண்டுமே உண்மை. இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த என்னால் எதையும் எடைபோட முடியவில்லை. தச்சர் பேசி முடித்ததும் சங்கத்து ஆள் ஒருவர் பின்வரிசையிலிருந்து, "காரும்தான் ஆளைக் கொல்லுது, காரைத் தடை பண்ணு" என்று கத்தினார். அவர் பக்கத்தில் இருந்தவர் கைதட்டினார். இந்தப் பக்கம் பேட்ஜ் அக்கா தச்சரின் தோளைப் பிடித்துக் கேமராவை நோக்கிக் கொஞ்சம் திருப்பி நிறுத்தினார்.

பிறகு ஆலைக்காரர் எழுந்தார். "நாங்க கொலைகாரங்க இல்ல. பொறுப்பானவங்க. எப்படிப் பொறுப்பா வச்சிருக்கோம்னு நம்ம பெரியவர் இப்ப பிரிச்சு மாட்டிக் காட்டுவார்."

பெரியப்பா உறையை அவிழ்த்தார். துப்பாக்கியைத் தூக்கி, எப்போதும் செய்வதுபோல ஒரு கையால் மடக்கினார். குழல் கழன்று மேடைப் பலகையில் விழுந்து, உருண்டு, அதிகாரிகளின் மேசைக்காலில் முட்டி நின்றது.

மண்டபமே சிரித்தது. பெரியப்பா உறைக்குள் கையை விட்டுத் தேடினார். தலைகீழாகப் பிடித்து உதறினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து தரையில் தேடினார். தாளில் இருந்த கடினமான வார்த்தைகளை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த மனிதர், "முன்கட்டை... முன்கட்டையைக் காணோம்" என்று மட்டும் மைக்கில் சொன்னார்.

பெரியம்மா எழுந்துவிட்டாள். நான் புடவையைப் பிடித்து இழுத்தேன், அவள் நிற்கவில்லை. மேடைக்குப் போய்த் தலையணை உறையைப் பிரித்துப் பிளந்த கட்டையை அவர் கையில் கொடுத்தாள். அவருக்கு மட்டும் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்தது.

"நான்தான் எடுத்தேன். பையன் வீட்ல தனியா இருக்கான்ல. தினமும் வேலைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிடுவேன்."

சிரிப்பு நின்றது. அந்த அமைதி கொஞ்ச நேரம் நீடித்திருந்தால் இந்த ஊரை நான் மன்னித்திருப்பேன்.

"பாத்தீங்களா!" என்றார் ஆலைக்காரர். "இதைத்தான் நான் சொல்றேன்! எதுக்குச் சட்டம்? எதுக்கு இரும்புப் பெட்டி? வீட்டுக்கு வீடு இப்படி ஒரு தாய் இருக்கா!"

கைதட்டல். அது அடங்குவதற்குள் பேட்ஜ் அக்கா மேடையேறி பெரியம்மாவின் கையைப் பிடித்தார். "பயத்துல ஒரு தாய் தினமும் கட்டையைச் சுமக்குறாங்க! இதுதான் சாட்சி! அம்மா, சொல்லுங்க. பையன் எத்தனை தடவை முயற்சி பண்ணினார்?"

பெரியம்மா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். சேனல்காரர் மைக்கை அவள் உதட்டுக்கு அருகே கொண்டுவந்தார். "பையனுக்கு மனநிலை சரியில்லையா? எத்தனை வயசு? இப்ப வீட்ல தனியாவா இருக்கார்? நேரலைல இருக்கீங்க, தைரியமாச் சொல்லுங்கம்மா."

நேரலை என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரியம்மா கேமராவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பின்வாசல் வழியாக அவளை வெளியே கூட்டிவந்தேன். குழாயடியில் குனிந்தாள். காலையில் குடித்த டீ மட்டும்தான் வந்தது. நான் முதுகைத் தடவினேன். வாயைத் துடைத்துக்கொண்டே, "டி.வி. போட்டிருப்பானா?" என்றாள். "எந்நேரமும் ஓடிட்டே இருக்குமே பாப்பா."

ஆட்டோ பிடித்தோம். நான் அண்ணனுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. துப்பாக்கி மண்டபத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதனுக்கு வழி ஒன்றுதானா என்று மனசு பதில் கேட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பெரியம்மாவின் முகம், கீழே பெரிய எழுத்தில் 'கண்ணீர்த் தாய்'. அவள் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை. அண்ணன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போன் அவன் பக்கத்திலேயே கிடந்தது.

பெரியம்மா அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "தப்புத்தாண்டா. மைக் இருக்குன்னு பாக்கல."

அண்ணன் டி.வி.யை நிறுத்தினான். "கட்டையை நீதான் எடுத்துட்டுப் போறேன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா."

எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பீரோமேல் இருக்கும் உறையை அவிழ்த்துத் துப்பாக்கியை மடக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பெரியம்மா அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளைக்குச் செருப்பு மாட்டும்போது பிடிப்பதுபோல. அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பெரியப்பா பிறகுதான் வந்தார். கழுத்தில் சங்கத்தின் சால்வை, தோளில் துப்பாக்கி உறை. வாசலிலேயே ஆரம்பித்தார். "கவலைப்படாதே. ஆலைக்காரர் ஆள் வச்சுப் புதுசா செஞ்சு தரேன்னு சொல்லிட்டார். நல்ல மரத்துல. இலவசமா."

பெரியம்மா மகனின் பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்க?"

"அவனுக்குத் தெரியுமாம்," என்றாள் பெரியம்மா. "நான் எடுத்துட்டுப் போறது."

பெரியப்பா மகனைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார். அவருக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் சால்வையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "டேய்" என்றார்.

திங்கட்கிழமை அவரே காவல் நிலையத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். லைசென்ஸ், துப்பாக்கி, உரிமையாளர் எல்லாம் நேரில் இருந்தும் அவர்கள் வாங்கவில்லை. மசோதா முடிவாகும்வரை எதையும் வாங்கிவைக்க உத்தரவு இல்லையாம், கிடங்கிலும் இடம் இல்லையாம்.

"டி.வி.ல வந்தீங்களே, நீங்கதானே? அம்மா நல்லாப் பேசுனாங்க" என்றார் மேசையில் இருந்தவர். "சட்டம் வந்ததும் வாங்க சார்."

"வரலேன்னா?"

"வரலேன்னா எதுக்கு வரணும்? உங்களோடதுதானே."

வெளியே வந்து பெரியப்பா படியில் நின்றார். எதிர்ச்சுவரில் அதற்குள் இரண்டு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஒன்று சங்கத்துடையது, மற்றது இயக்கத்துடையது. இரண்டிலும் பிளந்த கட்டையை நீட்டிக்கொண்டு நிற்கும் பெரியம்மாவின் அதே படம். இரண்டிலும் 'தாய்' என்ற சொல் சிவப்பில். பெரியப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் கிழிக்க ஆரம்பித்தார். பசை காயவில்லை, தாள் கையோடு வந்தது, பிசுபிசுவென்று விரல்களில் ஒட்டியது. என்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. நானும் கிழித்தேன்.

அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பழைய விரிப்பில் சுற்றிய நீளமான ஒன்று அவர் கையில் இருந்தது. முனைகளில் இறுக்கமான முடிச்சு. அது யார் போட்ட முடிச்சு என்று பார்த்ததும் தெரிந்தது.

"குழல் மட்டும்தான். மத்தது அங்கேயே இருக்கட்டும். ஆலைக்காரர் கட்டை குடுத்தாலும் இது இல்லாம ஒண்ணும் ஆகாது."

"இப்படி வச்சிருக்கிறதே குத்தம் பெரியப்பா. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு."

"படிச்சவ, நீயே சொல்லு. வேற எங்க வைக்க?"

கோப்பை டி.வி.க்கு மேல் மின்னிக்கொண்டிருந்தது. மூட்டையை வாங்கி, என் கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தேன். இரும்பின் குளிர்ச்சி துணியைத் தாண்டிக் கையில் ஏறியது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். எண்ணெய் வாசனை போகவில்லை. திரும்பவும் கழுவினேன்.

பெரியப்பா வாசல்வரை போய்விட்டுத் திரும்பி நின்றார்.

"அவன் இங்க வந்து கேட்டா..." என்றார்.

"வந்தா டீ போட்டுக் குடுக்குறேன். பேச்சுக்குடுத்துட்டே உங்களுக்கு போன் பண்றேன்."

தலையாட்டினார். "முடிச்சை அவுத்துடாதே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.